இலவச ஆய்வு இப்படித்தான் இருக்கும்

கல்வியியலில் பிஎச்.டி. செய்வதாக ஒருவர் சொன்னால், கேட்பவர் முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வந்து போகும். இயற்பியல் ஆய்வாளருக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூட இவருக்குக் கிடையாது. ‘நாற்பது கேள்வியோடு ஒரு படிவம், முந்நூறு மாணவர்கள், கம்ப்யூட்டரில் நாலு அட்டவணை, ஐந்து அத்தியாயம், வைவா அன்று எல்லோருக்கும் சாப்பாடு. இதற்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் வேறு கொடுக்க வேண்டுமா?’

கோட்டையில் கோப்பு பார்க்கும் அதிகாரியும் இதைச் சொல்கிறார், பேராசிரியரும் சொல்கிறார். பி.எட். கல்லூரி ஓய்வறையில் கல்வியியலாளர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் கருத்து மூன்று கால்களில் நிற்கிறது. கல்வியியல் ஆய்வு பதவி உயர்வுக்கான சான்றிதழ் வேட்டை என்பது முதல் கால். உண்மையான திறமைசாலிகள் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கிவிடுவார்கள், மற்றவர்களுக்குக் கொடுப்பது வீண் என்பது இரண்டாவது. மாதப் பணம் கிடைத்தால் ஆய்வை இழுத்தடிப்பார்கள் என்பது மூன்றாவது. பின் இரண்டும் தவறு. முதலாவதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்தப் பாதி உண்மை, உதவித்தொகை கூடாது என்பதற்குச் சாட்சி சொல்லவில்லை. உதவித்தொகை ஏன் இத்தனை காலம் இல்லாமல் போயிற்று என்றுதான் கேட்கிறது.

சென்னை மேடவாக்கம் கூட்ரோட்டில் நின்று நாலா பக்கமும் பார்த்தாலே நாட்டின் ஆய்வு முன்னுரிமை விளங்கிவிடும். வேளச்சேரி பக்கம் போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் தேசியக் காற்றாலை நிறுவனமும் ஒரே சாலையில் இருக்கின்றன. அத்தகைய மத்திய அரசு ஆய்வுத் திட்டங்களில் சேரும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. சோழிங்கநல்லூர் பக்கம் திரும்பினால் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். 2022 ஜனவரியில் புதிய வளாகம் திறக்கப்பட்ட அந்த நிறுவனமும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. அதே சாலையில் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய் இடப்பக்கம் திரும்பினால் காரப்பாக்கம். 2008இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. மாநிலத்தின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வியியல் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் ஆராய வருபவருக்கு முதல் மாதமே சம்பளம். வகுப்பறையைப் பற்றி ஆராய வருபவருக்கு, பிஎச்.டி. பதிவு செய்தாலே உதவித்தொகை என்ற ஏற்பாடு கிடையாது.

முதல் குற்றச்சாட்டில் உள்ள உண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் கல்வியியல் பகுதியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மேல்நிலை மாணவர்களின் மனப்பான்மைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு, ஆசிரியர்களின் பணி நிறைவுக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு என்று மாவட்டப் பெயர் மட்டும் மாறிய தலைப்புகள் வரிசை கட்டி நிற்கும். பல ஆய்வேடுகளை அவற்றை எழுதியவர்களே மறுபடி புரட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைகள் பி.எட். கல்லூரி முதல்வர் கல்வியியலிலோ அக்கல்லூரியில் உள்ள கற்பித்தல் பாடம் ஒன்றிலோ முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. அறுநூறு கல்லூரி என்றால் அறுநூறு முதல்வர். தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இந்த 21 போக மற்றவையெல்லாம் ஏறக்குறைய சுயநிதிக் கல்லூரிகள். பட்டம் வேண்டும் என்று விதி போட்ட அரசு, பட்டத்துக்கு உழைக்கும் காலத்தில் ஒருவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்கவில்லை. விளைவு, சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பு, சனிக்கிழமை சேர்க்கை வேலை, மாதக் கடைசியில் வந்தால் சம்பளம். இவருக்கு எந்த ஆய்வு முறை கைகூடும்? படிவ ஆய்வு மட்டும்தான். ஆறு பள்ளிகளில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்ப வாங்கிவிடலாம். தற்செயல் விடுப்பு இரண்டு நாள் போதும்.

ஒரு வகுப்பின் பின்வரிசையில் ஓராண்டு உட்கார்ந்து, எந்தக் குழந்தை எந்த மாதத்தில் வாசிப்பைக் கைவிட்டது, ஏன் கைவிட்டது என்று குறித்துக்கொள்வது வேறு வகை வேலை. அதற்கு ஓராண்டு முழுதாக வேண்டும். அந்த ஓராண்டை விலை கொடுத்து வாங்குவதுதான் உதவித்தொகையின் வேலை. காசு போடாமல் பெறும் ஆய்வு படிவமாகத்தான் இருக்கும். அதைக் காட்டி, ‘பார், இவர்களுக்குக் காசு கொடுப்பது வீண்’ என்பது, விளைவை எடுத்துக் காரணத்தின் இடத்தில் வைப்பது.

ஊக்க ஊதியத்துக்காகப் பள்ளி ஆசிரியர்கள் பட்டம் வாங்குகிறார்கள் என்ற பழைய பேச்சும் இன்னும் ஓயவில்லை. உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வு முறையைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆய்வுக்குப் பதிவு செய்கிறார் என்றால், பணத்தாசை என்று அவர் மீது பழி போட வழியில்லை.

இனி திறமைசாலி வாதம். 2024 ஜூன் பருவத்துக்கான நெட் தேர்வையே எடுத்துக்கொள்வோம். ஜூன் 18இல் நடந்த தேர்வு மறுநாளே ரத்தாகி, ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி நடந்தது. எழுதியவர்கள் 6,84,224 பேர். ஜே.ஆர்.எஃப். பெற்றவர்கள் 4,970 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இவர்கள் மட்டுமே திறமைசாலிகள் என்று யு.ஜி.சி.யே சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. அதே முடிவுப் பட்டியலில் உதவிப் பேராசிரியர் பணிக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் தகுதி பெற்றவர்கள் என்று 53,694 பேர் இருக்கிறார்கள். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றவர்கள் என்று இன்னும் 1,12,070 பேர் இருக்கிறார்கள். ஆக, ஒரே தேர்வில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, ‘நீ ஆய்வு செய்யத் தகுதியானவன்தான், செலவை மட்டும் நீயே பார்த்துக்கொள்’ என்று அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது. தகுதி இல்லாததால் உதவித்தொகை இல்லை என்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நெட் அளப்பது எதை என்பது இன்னொரு கேள்வி. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், எல்லாம் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. வகுப்பறையைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர் யார், ஒரு தாயோடு உட்கார்ந்து பேசி விஷயத்தை அறியத் தெரிந்தவர் யார் என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. விண்ணப்பதாரர் எதை ஆராயப் போகிறார் என்று ஒரு வரிகூட அந்தத் தேர்வு கேட்பதில்லை.

வயதுக் கணக்கு இதைவிட மோசம். கல்வியியல் கல்லூரியில் ஆசிரியராக, ஒரு பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு இளங்கலை மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, 2015 முதல் பி.எட். இரண்டாண்டு, எம்.எட். இரண்டாண்டு. கூட்டினால் ஒன்பது. இந்த வழியில் ஒருநாள்கூட வீணாக்காமல் படித்தவருக்கே 26, 27 வயது ஆகிவிடும். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வேதியியல் ஆய்வாளர் ஆய்வகத்துக்கு நேராகப் போகலாம். கல்வி ஆய்வாளர் முதலில் சில ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியிருந்தால்தான் நல்ல கேள்வியே அவருக்கு எழும். பத்தாண்டு மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஆசிரியை, ‘இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் கழித்தல் மட்டும் வரவில்லை’ என்ற கேள்வியோடு வரும்போது, வயது தாண்டிவிட்டது என்று கதவு மூடிக்கொள்கிறது.

ஜே.ஆர்.எஃப்.புக்கு வெளியே வழிகள் இல்லாமல் இல்லை என்பார்கள். அவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். என்.சி.இ.ஆர்.டி. கல்வித் துறை முனைவர் பட்ட ஆய்வுக்கென்றே உதவித்தொகை அறிவித்து வந்திருக்கிறது, இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்குப் 10 பேருக்கு. தொகையும் ஜே.ஆர்.எஃப்.பை விடக் குறைவு. சிறுபான்மையினருக்கான மவுலானா ஆசாத் உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நிறுத்தியது. நெட் தேறாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்றிருந்த உதவித்தொகையை நிறுத்தப்போவதாக 2015 அக்டோபரில் யு.ஜி.சி. முடிவெடுத்தபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலகத்தையே முற்றுகையிட்டார்கள். அந்த உதவித்தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. சென்னையின் மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு அது முதலிலிருந்தே இல்லை என்பதால், பறிபோனதாக வருத்தப்படும் வாய்ப்பும் இல்லை.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. முழுநேர பிஎச்.டி. செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின, கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றிருந்த ஊக்கத்தொகையை ஒரு லட்சமாக உயர்த்தியது. நல்ல காரியம். மாதக் கணக்கில் அது 8,333 ரூபாய். மேடவாக்கத்தில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மெஸ்ஸிலும் சாப்பிட வேண்டும் என்றால் அது மாதக் கடைசி வரை வராது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கென 2023 டிசம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித் தேர்வு நடத்தியது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் அரசு கல்வியியல் கல்லூரிகளிலும் முழுநேர ஆய்வு செய்பவர்களுக்கானது அது. திசை சரி, ஆனால் கல்வியியலைப் பொறுத்தவரை அந்தக் கல்லூரிகள் மொத்தமே ஏழு. ஆய்வாளர்கள் குவிந்திருக்கும் சுயநிதிக் கல்லூரிகள் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

பணம் கொடுத்தால் இழுத்தடிப்பார்கள் என்பது மூன்றாவது வாதம். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் வந்து, செய்த வேலையைச் சொல்ல வேண்டும். உதவித்தொகை வாங்குபவருக்கு இதற்கு மேலும் கெடுபிடி உண்டு. நெறியாளரும் நிறுவனமும் அவர் தொடர்ந்து ஆய்வில் இருக்கிறார் என்று உறுதி செய்தால்தான் பணம் வரும். பணம் வாங்காத பகுதிநேர ஆய்வாளரை எதைச் சொல்லி விரட்டுவது? நிறுத்துவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. உண்மையில் இழுத்தடிப்பு எங்கே அதிகம் நடக்கக்கூடும் என்பதைப் படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

இதே வாதத்தைக் கிண்டி ஐ.ஐ.டி. வாசலில் யாரும் சொல்வதில்லை. 2018இல் வந்த பிரதமரின் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 70,000 ரூபாய், பிறகு 75,000, கடைசியில் 80,000. அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கானது. 2025 நிதிநிலை அறிக்கையில் ஐந்தாண்டுகளுக்குப் பத்தாயிரம் பேர் என்று விரித்திருக்கிறார்கள். அதைக் கண்டு யாரும் சோம்பேறித்தனம் வளரும் என்று கவலைப்படவில்லை, கவலைப்படத் தேவையும் இல்லை. இயந்திரம் செய்பவருக்குப் பணம் கொடுத்தால் உற்சாகம், ஆசிரியருக்குக் கொடுத்தால் சோம்பல் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. அதற்குள் ஒளிந்திருப்பது கல்வியை இரண்டாந்தரத் துறையாகப் பார்க்கும் பழைய பார்வை.

மேடவாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் கூப்பிடு தூரம். அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகள், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்தும், 2019 டிசம்பரில் சத்தியவாணிமுத்து நகரிலிருந்தும் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். கல்வியாண்டின் நடுவே இடம் மாற்றப்பட்ட பிள்ளை அடுத்த பள்ளியில் சேர எத்தனை நாள் எடுத்துக்கொண்டது, எந்த வகுப்பில் நின்றது, தினமும் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போய் வந்தவர்களில் எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள் என்பதெல்லாம் கல்வி ஆய்வின் நேரடிக் கேள்விகள். மறுகுடியமர்வு பற்றிப் பொதுவெளியில் பேசப்படும் தகவல்களில் பெரும்பகுதி தன்னார்வ அமைப்புகளின் அறிக்கைகளிலிருந்து வருகிறது. பெரும்பாக்கத்தைப் போன்ற இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர் பற்றிச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கேரன் கொயெல்லோ எழுதியிருக்கிறார். ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் அதே வட்டாரத்தில் இருந்தும், இந்த விவாதத்தில் அதன் குரல் கேட்பதில்லை.

இல்லம் தேடிக் கல்வி இன்னொரு எடுத்துக்காட்டு. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களோடு மாலை வகுப்புகளாக மாநிலம் முழுதும் பரவியது. அது பலன் தந்ததா என்பதற்கு இன்று எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து, கொரோனாக் காலக் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டது. நல்ல ஆய்வு. அதைச் செய்தவர்கள் ஸ்டாக்ஹோமில் அபிஜித் சிங், மெக்சிகோவில் மவுரிசியோ ரொமேரோ, சான் டியாகோவில் கார்த்திக் முரளிதரன். குழந்தைகள் இங்கே, தன்னார்வலர்கள் இங்கே, அரசின் பணம் இங்கே. ஆய்வு செய்ய நேரமும் நிதியும் மட்டும் மூன்று வெளிநாடுகளில் இருந்தன.

‘அதுதான் அவர்களே செய்கிறார்களே, பிறகென்ன’ என்று கேட்பது எளிது. அந்த ஆய்வு கிராமங்களைப் பற்றியது. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடம் அதில் வராது. எவ்வளவு மீண்டது என்று பெரிய அளவுகோல் சொல்லும். ஒரு மாலை வகுப்பில் எது குழந்தையைப் பிடித்து உட்கார வைத்தது, எது விரட்டியது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும். இரண்டும் வேண்டும். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுதும் போனது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒரு தலைமுறைக்குள் தொடக்கப் பள்ளி வகுப்பறையின் உருவமே மாற்றப்பட்டது. பத்தாண்டு தொடர்ந்து ஒரே பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆய்வாளர்கள் இருந்திருந்தால், எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று சுற்றறிக்கைக்கு முன்பே ஒரு பேச்சு நடந்திருக்கும்.

நேரம் கிடைத்தால் கல்வி ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். பத்மா சாரங்கபாணி டெல்லிப் பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக டெல்லிக்கு அருகே ஒரு கிராமப் பள்ளியில் நேரடியாக இருந்து செய்த ஆய்வு 2003இல் நூலாக வந்தது. இந்திய வகுப்பறை பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். அதுவும் ஒரு மாணவியின் பிஎச்.டி.தான், அதுவும் கல்வியியல்தான். அமெரிக்காவில் தேசியக் கல்விக் கழகமும் ஸ்பென்சர் அறக்கட்டளையும் சேர்ந்து ஆண்டுக்கு 35 பேர் அளவில் தலா 27,500 டாலர் கொடுக்கின்றன, கல்வி பற்றிய ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்கு மட்டுமே. அங்கே இது ஒரு தனியார் அறக்கட்டளையின் பல திட்டங்களில் ஒன்று. இங்கே என்.சி.இ.ஆர்.டி.யின் பத்துப் பேரோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

பணம் எங்கே என்பது வழக்கமான கடைசிக் கேள்வி. தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆண்டுக்கு நூறு கல்வி ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, முதல் இரண்டாண்டு 37,000, மூன்றாம் ஆண்டு 42,000 என்று மத்திய அரசின் அளவிலேயே கொடுத்தால், மூன்று அணிகளும் சேர்ந்து முந்நூறு பேருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 14 கோடி. பள்ளிக் கல்விக்குச் செலவாகும் ஒவ்வொரு ஆயிரம் ரூபாயிலும் 30 காசு. வீட்டு வாடகைப் படி சேர்த்தாலும் 40 காசைத் தாண்டாது. 1964–66 கோத்தாரி ஆணையம் மாநிலக் கல்விச் செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் ஆய்வுக்குப் போக வேண்டும் என்றது. அது ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்.

எனவே தமிழ்நாடு அரசு கல்வி ஆய்வுக்கென்று தனி உதவித்தொகையைத் தொடங்க வேண்டும். அரசுக் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்று பாராமல் முழுநேரமாகப் பதிவு செய்யும் எவரும் விண்ணப்பிக்க அதில் இடம் வேண்டும். நாலு விடைத் தேர்வுக்குப் பதில் ஆய்வு முன்மொழிவையும் நேர்காணலையும் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியில் பணிபுரிந்தவர்களுக்கு வயது வரம்பை 45 ஆக்கி, அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பணித் தொடர்ச்சி கெடாமல் மூன்றாண்டு விடுப்புத் தர வேண்டும். பதிலுக்கு ஆய்வாளரிடமும் கறாராகக் கேட்கலாம்: குறைந்தது ஓராண்டு களப்பணி, முடிவுகளின் தமிழ்ச் சுருக்கம் பொதுப் பார்வைக்கு, ஆய்வு நடந்த பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் அதை விளக்கிச் சொல்வது. இவற்றைச் செய்யாதவருக்கு அடுத்த தவணை கிடையாது. பத்தாண்டு இப்படி நடத்திப் பார்த்த பிறகும் படிவமும் அட்டவணையுமே வந்தால், கல்வியியல் ஆய்வைக் கேலி செய்யும் உரிமை கேலி செய்பவர்களுக்கு அப்போது முழுதாகக் கிடைக்கும்.